நோர்வேப் பரிசுக்கு ஏழு ஆடுகள்

கண்டிக்கு அருகே, வத்தேகமைக் கடைவீதி முடிந்து பாதை மேட்டில் ஏறத் தொடங்கும் இடத்தில் முருகன் கோயிலுக்கு உரிய நந்தவனம் ஒன்று இருந்தது. கால் ஏக்கர் நிலந்தான். ஆயினும் அதற்குள் நுழைந்தவர்கள் தம் குரலைத் தாமாகவே தாழ்த்திக்கொள்வார்கள். அப்படி அதனை வைத்திருந்தார், அதன் ஓரத்திலேயே குடியிருந்த வீரய்யா பண்டாரம். பதினான்கு ஆண்டுகளாக அங்கே பூக்கொய்து மாலை தொடுத்துச் சாத்துவதே அவருக்குத் தொழிலும் வழிபாடும் ஆயிற்று. எழுத்து அவருக்குச் சொற்பம்; செவியால் வாங்கி நெஞ்சில் வைத்த பதிகங்களோ நூற்றுக்கு மேல். பூப்பறிக்கும்போது ஒரு பதிகம் தொடங்குவார்; அது முடியும்போது கூடை நிறைந்திருக்கும். நிறையாத நாளில் அதே பதிகத்தை மறுபடியும் முதலிலிருந்து பாடுவார்.

அண்மைக் காலத்தில் அவர் ஒரே பதிகத்தை மூன்று முறையும் நான்கு முறையும் பாட வேண்டியிருந்தது.

அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. மனைவி அழகம்மா விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்தெழுந்த ஆண்டில் வைத்த நேர்த்தி அது. தைப்பூசத்தன்று செவ்வேளின் திருவடி தொடங்கித் திருமுடி வரை, தம் கையால் நட்டுத் தம் கையால் நீர்வார்த்த மலர்களாலேயே, கல் தோன்றாதபடி அலங்கரிக்க வேண்டும். புலவர்கள் பாதாதிகேசம் என்று பாட்டிலே செய்வதை அவர் பூவிலே செய்ய எண்ணினார். மூன்று பூசங்கள் வந்து போயின. அலங்காரம் ஒரு முறையேனும் முழங்காலுக்கு மேலே ஏறவில்லை.

காரணம், அடுத்த வளவில் இருந்த தாஸிம் நானாவின் ஏழு ஆடுகள்.

தாஸிம் அயலூரான மடவளையிலிருந்து வந்து வெற்றிலைக் கடை வைத்தவர்; ‘நானா’ என்றால் அங்குள்ள முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். நல்ல மனிதர்; தராசைச் சற்றுத் தாழ்த்தியே கொடுப்பார். ஆனால் அவருடைய வளவு நந்தவனத்துக்கு ஓர் ஆள் உயரம் மேலே இருந்தது. மேலிருந்து குதிக்கும் ஆட்டுக்கு வேலி எம்மாத்திரம்? கறுப்பி என்னும் மூத்த ஆடு முதலில் குதிக்கும். மற்ற ஆறும் வரிசை குலையாமல் பின்தொடரும். அவற்றின் நாவோ ரசனை மிக்கது. செவ்வந்தியின் மொட்டையும் மருக்கொழுந்தின் தளிரையும் செம்பரத்தையின் இதழையும் தேர்ந்தெடுத்து உண்ணும். நஞ்சுடைய அரளியை மட்டும் தொடாது. ஆகவே மூன்று பூசத்திலும் முருகன் முழங்கால் வரை அரளி சூடி நின்றான்.

இதனால் இரண்டு வளவுக்கும் இடையே நடந்த போரை விரித்துரைத்தால் அது ஒரு பரணியாகிவிடும். கல் பறந்தது, சொல் அதைவிட வேகமாகப் பறந்தது. பொலிசார் இருமுறை வந்து, இரு வீட்டிலும் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பினார்கள். அப்போதுதான், மூன்றாம் பூசம் கழிந்த மாசி மாதத்தில், பிரக்கிராசியார் சபாநாதர் தமது கறுப்பு மோட்டார் காரில் வந்திறங்கினார்.

சபாநாதர் யாழ்ப்பாணத்தவர், கண்டிக் கோட்டில் வழக்குப் பேசுபவர், அடுத்து வரும் தேர்தலில் அரசாங்க சபைக்குப் போட்டியிடும் எண்ணத்தில், மலைநாட்டுச் சமாதான சங்கம் என்று ஒன்றை நிறுவித் தாமே அதற்குத் தலைவரும் ஆனவர். அவர் தாஸிமின் கதிரையில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தார்; பிறகு இறங்கி வந்து வீரய்யாவின் கதிரையில் அரைமணி நேரம் அமர்ந்தார்.

“வீரய்யா, நான் எல்லாம் கதைச்சு முடிச்சுப்போட்டன்” என்றார். “அடுத்த பூசத்துக்கு முன்னம் ஆடு ஏழையும் மடவளைக்குக் கொண்டுபோறதுக்குத் தாஸிம் ஓம் எண்டிட்டார். ஆனால் இதை நீர் அவரிட்டை வாய்திறந்து கேட்கப்படாது. விட்டுக்குடுத்த மனிசனிட்டை அதைப்பற்றிக் கதைச்சால் அவருக்கு முகம் முறிஞ்சுபோகும். விளங்குதோ?”

வீரய்யாவுக்கு நன்றாக விளங்கிற்று. ஒருவர் செய்த உபகாரத்தை அவர் முகத்துக்கு நேரே எடுத்துப் பேசுவது அந்த ஊரில் மரியாதையன்று. அன்று முதல் அவர் தாஸிமைப் பார்க்கும் பார்வையே மாறிற்று. தமக்காகத் தம் செல்வத்தை விட்டுக்கொடுக்க இசைந்த மனிதர் அல்லவா? ஆடு குதித்தால் கல்லெடுக்காமல், “போங்கம்மா, போங்க, இன்னும் கொஞ்ச நாள்தானே” என்று இதமாகச் சொல்லி ஓட்டினார். வாழைக்குலை வெட்டினால் ஒரு சீப்பை மேலே கொடுத்தனுப்பினார்.

விந்தை என்னவென்றால், தாஸிமும் அவ்வாறே மாறிவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் அரைப்போத்தல் ஆட்டுப்பால் கீழே வந்தது. ஐப்பசியில் வீரய்யா காய்ச்சலில் படுத்தபோது தாஸிம் தாமே இறங்கி வந்து, செவ்வந்திப் பாத்திகளைக் கண்ணீர் மல்க நின்று பார்த்துவிட்டுப் போனார்.

“அந்த மனுசன் நம்மள ஒரு மாதிரியாப் பாக்குறாருங்க” என்றாள் அழகம்மா. “பிரயாணம் சொல்லிக்கிட்டுப் போறவங்களப் பாக்குற மாதிரி.”

“நல்லவங்க பார்வை அப்படித்தான் இருக்கும்” என்றார் வீரய்யா.

இவ்வாறு பதினொரு மாதம் கழிந்தது. மார்கழியும் முடிந்து தை பிறந்தது. பூசத்துக்கு ஐந்து நாள் இருந்தது. ஆடுகளோ இன்னும் மேலேதான் இருந்தன. வீரய்யா பூசத்துக்கென்று ஐந்து பாத்தி செவ்வந்தியும் இரண்டு பாத்தி மருக்கொழுந்தும் வளர்த்து, ஆடு குதிக்கும் பக்கத்தில் பகலெல்லாம் தாமே காவல் நின்றார். கேட்கவும் கூடாது, கேளாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த நிலையில் கறுப்பு மோட்டார் கார் மறுபடியும் வந்து நின்றது.

சபாநாதர் சட்டைப்பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து விரித்தார். மடித்து மடித்து அது நான்காகக் கிழியும் நிலையில் இருந்தது.

“நோர்வே எண்டொரு தேசம் இருக்கு. அங்கை வருசா வருசம் உலகத்திலை சமாதானம் செய்தவைக்கு ஒரு பெரிய பரிசு குடுக்கினம். அதை வாங்கினவரை ராசாக்கள் எழும்பி நிண்டு கும்பிடுவினம்.”

“நல்ல விசயம்ங்க. யாருக்குக் குடுக்கப் போறாங்க?”

சபாநாதர் சற்று நேரம் தம்முடைய சப்பாத்தைப் பார்த்தார். “எனக்குத்தான் குடுக்கவேணும்.”

வீரய்யாவுக்கு இதில் ஆட்சேபம் எதுவும் தோன்றவில்லை. நோர்வே எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. முருகனுக்குத் தெரியாத இடமாக இராது என்பது மட்டும் தெரியும்.

“இதுக்குச் சட்டம் படிப்பிக்கிற பேராசிரியர் ஒருத்தர் பேரைப் பிரேரிக்கவேணும். அப்பிடி ஒரு வெள்ளைக்காரர் இப்ப கண்டியிலை, வாவிக்கரை ஹோட்டலிலை வந்து நிக்கிறார். வில்மட் துரை எண்டு பேர். ஆள் வலு நேர்மை. வெறும் கதையை நம்பமாட்டார். நீர் செய்த ஒரு சமாதானத்தை என்ரை கண்ணாலை பார்க்கவேணும் எண்டு நிக்கிறார்.”

“ஐயா எத்தனையோ பஞ்சாயத்து முடிச்சு வச்சிருக்கீங்களே.”

“முப்பத்தொண்டு” என்றார் சபாநாதர். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அதிலை இருபத்தெட்டுத் திரும்பக் கோட்டுக்கு வந்திட்டுது. ஒரு பக்கத்துக்கு நானேதான் வழக்குப் பேசுறன். இரண்டிலை ஆக்கள் செத்துப்போச்சினம். மிச்சம் உங்கடை ஆட்டு விசயம் ஒண்டுதான்.”

முப்பத்தொரு சமாதானங்களில் உயிரோடிருந்த ஒரே சமாதானம் தம்முடையது என்று அறிந்தபோது வீரய்யாவுக்குச் சிறிது பெருமையாகவே இருந்தது. ஆனால் அடுத்து வந்த சொல் அந்தப் பெருமையை அறுத்தது. பூசத்துக்கு முதல்நாள் துரை வருவார். அவர் பார்க்கும்போது ஆடு நந்தவனத்துக்குள் நிற்க வேண்டும். வீரய்யா அதனருகே சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். வாயாற் சொல்லுகிற நூறு சாட்சிக்கு அந்தக் காட்சி ஒன்று பெறும் என்றார் சபாநாதர்.

“ஐயா, பூசத்துக்கு மொத நாளா?” வீரய்யாவின் குரல் இறங்கிற்று. “சாமிக்கு வச்சிருக்கிற பூவுங்க. ஒரு வாய் வச்சாலும் போச்சு.”

“ஒரு ஆடு. கால்மணித்தியாலம். துரை போன கையோடை அண்டைக்குப் பின்னேரமே ஏழும் மடவளைக்குப் போகும். அதுக்கு நான் பொறுப்பு.”

அந்த இறுதி வாக்கியத்துக்காக வீரய்யா இசைந்தார். ஒரே ஓர் ஆட்டை, பாத்திகளுக்கு எதிர்ப்பக்கத்துச் செம்பரத்தை அருகே, தாமே கயிற்றில் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு.

குறித்த நாளில் துரை வந்தார். முதியவர், வெயிலில் மூக்கின் நுனி சிவந்திருந்தது, கையில் ஒரு குறிப்புப் புத்தகம். அவரோடு வந்த மொழிபெயர்ப்பாளர் ஹபீல், கண்டிக் கோட்டில் இருபத்திரண்டு ஆண்டு துவிபாஷகராக இருந்து இளைப்பாறியவர். அந்த இருபத்திரண்டு ஆண்டும் அவரிடமிருந்து இளைப்பாறவில்லை. யார் வாய் திறந்தாலும் முதலில் சத்தியம் வாங்காமல் மொழிபெயர்க்க அவருக்கு நாக்கு எழாது.

தாஸிம் மேலிருந்து இறங்கி வந்து மரியாதையாக ஓரமாய் நின்றார். அழகம்மா எல்லாருக்கும் தேநீர் கொடுத்தாள். வீரய்யா கறுப்பியின் கயிற்றைப் பிடித்தபடி, சொன்னவாறே சிரித்தார். கறுப்பி செம்பரத்தையை மென்றது. துரை அதையும் இதையும் மாறிமாறிப் பார்த்துப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். சபாநாதர் அந்தப் பேனாவின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேர்?” என்றார் ஹபீல்.

“வீரய்யா.”

“தகப்பன் பேர்?”

“கறுப்பையா.”

“வயசு?”

“அது அழகம்மாவுக்குத்தான் தெரியும்.”

“ஐம்பத்திரண்டு” என்று குசினிப் பக்கத்திலிருந்து விடை வந்தது.

“உண்மையைச் சொல்வேன், உண்மை முழுவதையும் சொல்வேன், உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லேன் என்று உம்முடைய கடவுள்மேல் ஆணையிட்டுச் சொல்லும்.”

வீரய்யா திடுக்கிட்டார். கோயில் கோபுரம் அந்த இடத்திலிருந்து நேரே தெரிந்தது. பூசத்துக்கு விரதம் பிடித்திருக்கும் வாய். அவர் ஆணையிட்டார். தாஸிமும் தம்முடைய முறைப்படி ஆணையிட்டார். சபாநாதர், இது கோட்டு அல்லவே என்று மெல்லச் சொன்னதை ஹபீல் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

துரை கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஹபீல் அதைத் தெளிவாக எடுத்துரைத்தார்: “சமாதானம் என்றால் இரு தரப்பாரும் ஏதேனும் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் ஒவ்வொருவரும் எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று துரை அறிய விரும்புகிறார்.”

வீரய்யா சபாநாதரைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார். கோபுரம் உயரமாக இருந்தது.

“நான் எதையும் விட்டுக்குடுக்கலைங்க. நானாதான் பெரிய மனசு பண்ணி ஆட்டையெல்லாம் மடவளைக்குக் கொண்டு போறாரு. வெளிய சொல்லக்கூடாதுன்னு ஐயா சொல்லியிருந்தாங்க. சாமி மேல சத்தியம் வாங்கிட்டீங்க, மறைக்க முடியல. நானா தப்பா நெனைக்கக் கூடாது.”

தாஸிமின் கையில் இருந்த தேநீர்க் கோப்பை பாதிவழியில் நின்றது.

“யாரு ஆட்டக் கொண்டு போற?” என்றார் அவர். “பண்டாரம், நீங்கதானே தோட்டத்தக் கோயிலுக்குப் பொறத்தால கொண்டு போறீங்க? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தி இந்த எடத்த வெறும் புல்லாக்கி ஆட்டுக்கு உட்டுத் தாறதா இவர்தானே எனக்குச் சொன்ன. கேட்டா ஒங்கட மனசு நோகும், வாயத் தொறக்கப்படாது எண்டும் சொன்ன.”

கறுப்பி அடுத்த கிளையை எட்டிப் பிடித்தது. பிறகு சபாநாதர் ஆங்கிலத்தில் மிக வேகமாகப் பேசத் தொடங்கினார். துரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஹபீலிடம் ஏதோ சொன்னார்.

“பிரக்கிராசியார் இப்போது சட்டத்தரணியாகப் பேசுகிறாரா, குற்றஞ்சாட்டப்பட்ட எதிரியாகப் பேசுகிறாரா என்று துரை கேட்கிறார்” என்றார் ஹபீல்.

வீரய்யாவுக்கு இவை ஒன்றும் கேட்கவில்லை. பதினொரு மாதமும் அவர் கண்முன் வேறு நிறத்தில் ஓடின.

“அப்ப வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம பால் குடுத்தனுப்புனீங்களே நானா, அது எதுக்கு?”

“பதினாலு வருசம் வளத்த தோட்டத்த எனக்காகப் புடுங்கிக்கிட்டுப் போற மனுசன். அந்தத் தாராளத்துக்கு அரைப்போத்தல் பாலாவது குடுக்கவாணாமா? ஒங்களுக்குக் காய்ச்சல் வந்த நேரம் அந்தப் பாத்தியப் பாத்து எனக்கு அழுகையே வந்திச்சு. சரி, நீங்க என்னத்துக்கு என்ட ஆட்டுக்குக் கல்லெறியிறத உட்ட?”

“ஆட்டப் பிரியப்போற மனுசன்னு பாவம் பாத்தேங்க.”

“அப்ப என்ட ஆடு ஒங்கட பூவத் திண்டதெல்லாம்?”

“கடைசியாத் திங்கிதுன்னு விட்டேன்.”

முதலில் சிரித்தவள் அழகம்மா. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டும் சிரிப்பு அடங்கவில்லை. தாஸிம் சிரிப்பதா சினப்பதா என்று தெரியாமல் நின்றார். வீரய்யாவோ, சிரிப்புக்கும் சினத்துக்கும் இடையில் கைக் கயிறு நழுவியதை உணரவில்லை. கறுப்பி ஒரு முறை கனைத்தது. அதனைக் கேட்டு மேலே நின்ற ஆறும், காவல் இல்லாத பக்கத்தால், வரிசை குலையாமல் குதித்தன.

“ஐயோ, பாத்தி” என்றாள் அழகம்மா.

எல்லாரும் ஓடினார்கள். தாஸிம் இரண்டு ஆட்டைக் கொம்பில் பிடித்தார். துரை தம்முடைய தொப்பியால் ஒன்றை மறித்தார். ஹபீல் ஓர் ஆட்டிடம், நில் என்று இரு மொழியிலும் கட்டளையிட்டார். சபாநாதர் கோட்டுத் தோரணை குலைந்து, முள்ளில் சிக்கிய கையோடு மருக்கொழுந்துக்குள் விழுந்தெழும்பினார். ஏழையும் பிடித்துக் கட்டி முடித்தபோது, மருக்கொழுந்து இரண்டு பாத்தியும் இல்லை. செவ்வந்தி ஐந்தில் இரண்டு மிஞ்சியிருந்தது.

வீரய்யா நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நான்காவது பூசம். திருமுடிக்கென்று ஒதுக்கிய பாத்தி எதுவோ அதுவே அடியோடு போயிருந்தது. யாரையும் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. வாய்க்குப் பழக்கமானது பதிகம் ஒன்றே, அதுவும் வரவில்லை. தாஸிம் பக்கத்தில் வந்து குந்தினார். நசுங்கிய செவ்வந்தி ஒன்றை எடுத்து, இதழை நிமிர்த்திப் பார்த்து, நிமிராமல் போகவே மெல்லக் கீழே வைத்தார்.

“இண்டைக்கே ஆட்ட மடவளைக்கு அனுப்புறன், பண்டாரம்” என்றார். “அங்க என்ட கூடப்பொறந்த றம்ஸியாத் தாத்தாட வளவு பெரிசு. இவர் சொன்னதுக்கில்ல. நானாச் சொல்றன்.”

“முழுசா எதுக்கு நானா, ஒங்க பொழப்பு அது. மார்கழி பொறந்ததுலேந்து பூசம் வரைக்கும் அங்க இருந்தாப் போதும். மத்த மாசத்துல கோயில் சரிவுல புல்லு இருக்கு. நானே அறுத்து ரெண்டு கட்டு மேல தூக்கிப் போட்டுர்றேன். வயிறு நெறஞ்சா ஏன் குதிக்கப் போகுது?”

“எண்டா இத ஏன் நாங்க மூணு வருசமாக் கதைக்கல்ல?”

“கல்லெறியறதுக்கே நேரம் சரியா இருந்துச்சு.”

துரை இதையெல்லாம் ஹபீல் வாயிலாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். பிறகு வீரய்யாவை நோக்கி ஒன்று கேட்டார்.

“இந்தக் கனவான் அந்தப் பரிசுக்குத் தகுதியானவரா? நீர் ஆணையிட்டிருக்கிறீர் என்பதை நினைவில் வைத்துச் சொல்லும்” என்றார் ஹபீல்.

சபாநாதரின் முகம் வியர்த்திருந்தது. தலையில் மருக்கொழுந்துத் துளிர் ஒன்று ஒட்டியிருந்தது; ஏழு ஆடும் விட்டுவைத்த ஒரே துளிர் அது. வீரய்யாவுக்கு அவர்மேல் சினம் இருந்தது. பாத்தியைப் பார்க்கப் பார்க்க அது வளர்ந்தது. எனினும் ஆணை, உண்மை முழுவதையும் கேட்டது.

“ஐயா எங்க ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொன்னாங்க. அதுல சந்தேகமில்ல” என்றார் மெதுவாக. “ஆனா அந்தப் பொய்யில என்னா இருந்திச்சுன்னா, நானா நல்லவருன்னு எனக்குச் சொன்னாங்க. நான் நல்லவன்னு நானாவுக்குச் சொன்னாங்க. நாங்களும் நம்பிட்டோம். நம்புன பதினோரு மாசமும் ஒரு கல்லு பறக்கல. இதுக்குப் பரிசு உண்டா இல்லையான்னு படிச்சவங்கதான் சொல்லணும்.”

சபாநாதர் நிமிர்ந்தார். “கேட்டியளோ? பொய்யோ மெய்யோ, சமாதானம் வந்தது என்னாலைதானே?”

“பொய் ஒங்கட” என்றார் தாஸிம். “பொறும எங்கட. பரிசு வந்தாப் பங்கு போடோணும்.”

துரை தாம் எழுதியதை மறுபடியும் ஒருமுறை வாசித்தார். பின்பு அவர் சொன்னதை ஹபீல், தீர்ப்பு வாசிப்பதுபோல எழுந்து நின்று மொழிபெயர்த்தார்.

“நான் தேநீர் குடித்து முடிவதற்குள் உடைந்துபோன சமாதானம் ஒன்றைக் காட்டி ஒருவருடைய பெயரை நான் பிரேரிக்க இயலாது. ஆனாலும் அடுத்திருப்பவன் நல்லவன் என்று பதினொரு மாதம் தொடர்ந்து நம்பியவர்களை நான் இன்றுதான் பார்க்கிறேன். என்னுடைய கண்டத்துத் தேசங்களுக்கு அது பதினொரு நாளும் வாய்ப்பதில்லை. ஆகையால் இந்தக் கனவானுக்கு ஒரு வழி சொல்கிறேன். இவர்கள் இருவரும் இப்போது செய்துகொண்ட உடன்படிக்கையைப் பத்து ஆண்டு குறைவின்றி நிறைவேற்றி வைக்கட்டும். அதன்பிறகு நானோ, நான் இல்லாவிட்டால் என் இடத்தில் இருப்பவரோ, நோர்வேக்கு எழுதுவோம்.”

“நிறைவேற்றி வைக்கிறதெண்டால் நான் என்ன செய்யவேணும்?” என்றார் சபாநாதர் ஐயத்தோடு.

“மடவளைக்கு ஆட்டக் கொண்டுபோகணும், கொண்டு வரணும்” என்றாள் அழகம்மா, கோப்பைகளை அடுக்கியபடி. “ஐயா காரு பெருசாத்தானே இருக்கு.”

ஹபீல் இதையும் மொழிபெயர்த்தார். துரை மிகவும் மகிழ்ந்து அதையும் எழுதினார். எழுதிய தாளைக் கிழித்து நீட்டினார். தாஸிம் கையெழுத்திட்டார், வீரய்யா பெருவிரலை ஊன்றினார், சபாநாதர் பேனாவைப் பிடித்தபடி தம்முடைய காரைப் பார்த்தார். ஆசனத்துக்குப் புதுத்தோல் போட்டு இரண்டு மாதம் ஆகவில்லை. ராசாக்கள் எழுந்து நிற்பதை அவர் மறுபடியும் ஒருமுறை மனக்கண்ணில் பார்த்திருக்க வேண்டும். கையெழுத்திட்டார்.

அன்று பிற்பகல் மடவளைப் பாதையில் போனவர்கள் ஓர் அரிய காட்சி கண்டார்கள். கறுப்பு மோட்டார் காரின் இரு பக்கத்து ஜன்னலாலும் ஆடுகள் தலையை நீட்டி வீதியைப் பார்வையிட்டுக்கொண்டு போயின. முன் ஆசனத்தில், சாரதிக்கும் கறுப்பிக்கும் நடுவே, அரசாங்க சபைக்குப் போட்டியிட இருந்தவர் நேரே பார்த்தபடி அமர்ந்திருந்தார். தெரிந்தவர்கள் கும்பிட்டார்கள். அவர் கறுப்பியின் கொம்பை ஒருகையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் பதிலுக்குக் கும்பிட்டார்.

மறுநாள் பூசத்தில் அலங்காரம் முருகனின் அரைஞாண் வரை வந்து நின்றது. அரளி கலவாத செவ்வந்தி. வீரய்யா சன்னிதியில் நின்று, “இடுப்பு வரைக்கும் வந்துட்டேன் சாமி. மிச்சம் நானா ஆட்டு வயித்துல இருக்கு, நீ அறிவாய்” என்று விண்ணப்பித்துக்கொண்டார். அதற்குமேல் இறைவனும் கேட்கவில்லை.

அடுத்த மார்கழி முதல் தேதி சபாநாதர் வருவாரா என்று ஊரில் பந்தயம் கட்டினார்கள். வந்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். தேர்தலில் தோற்றிருந்தார்; ஆட்டுக்காரப் பிரக்கிராசியார் என்று எதிர்ப்பக்கத்தார் மேடையில் பேசியிருந்தார்கள். அந்தப் பூசத்தில் மலர் மார்பு வரை ஏறியது. அதற்கு அடுத்த மார்கழியில் காரின் பின் ஆசனத்தில் சாக்கு விரித்துக்கொண்டு வந்தார். மலர் திருமுகத்தைத் தொட்டது. மூன்றாம் மார்கழியில், யாரும் ஆள் அனுப்பாமலே, விடியுமுன் வந்து, ஆடுகளுக்கு வழியில் தின்னப் பலாவிலைக் கட்டு ஒன்றும் கொண்டு வந்திருந்தார். இதற்குள் அவர் பரிசுக்குத் தகுதியானவரா இல்லையா என்று வத்தேகமைத் தேநீர்க் கடைகளில் இரு கட்சி உண்டாகி, ஒருமுறை கதிரையும் உடைந்ததாகக் கேள்வி.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்பதாம் ஆண்டுத் தைப்பூசத்தன்று, திரை விலகியபோது, கோயிலில் நின்றவர்கள் ஒரு கணம் கும்பிடவும் மறந்தார்கள். திருவடியில் நந்தியாவட்டை, அரையில் செம்பரத்தை, மார்பெல்லாம் செவ்வந்தி, திருமுடியில் மருக்கொழுந்து. வேலின் நுனியைத் தவிர வேறெங்கும் கல்லும் இல்லை, உலோகமும் இல்லை; மலரே உருவெடுத்து நின்றது. அழகம்மா கண்ணைத் துடைத்தாள். வீரய்யா பதிகம் தொடங்கினார். ஏழு ஆண்டாகக் கட்டிவைத்திருந்த குரல் அவிழ்ந்து வந்தது. முடிந்தபோது மறுபடியும் பாட வேண்டிய தேவை இருக்கவில்லை.

வெளியே வந்தபோது சபாநாதர் தூணோரம் நின்றார். சால்வையில் ஆட்டு வாடை இருந்தது. அதனை இப்போது அவர் உணர்வதாகத் தெரியவில்லை. அவர் உள்ளே திரும்பி ஒருமுறை அலங்காரத்தைப் பார்த்தார்.

“வடிவாய் இருக்கு, வீரய்யா” என்றார். சற்றுப் பொறுத்து, “சத்தியமாய்ச் சொல்லும். நான் அந்தப் பரிசுக்குத் தகுதிதானே?”

வீரய்யா திருநீற்றுத் தட்டை அவர் முன் நீட்டினார். “இன்னும் ஏழு வருசம் பாக்கி இருக்குதுங்க ஐயா. நாளன்னிக்கு ஆட்டக் கூட்டியாரணும், மறந்துறாதீங்க.”

“மறக்கேல்லை” என்றார் சபாநாதர், நெற்றியில் நீற்றைப் பூசியபடி. “கறுப்பி அங்கை மூண்டு குட்டி போட்டிருக்கு. ஒரு தரத்திலை ஏத்தேலாது. இரண்டு தரம் போகவேணும்.”